எண் அடிக்காத வண்டி

நீ போனை வைத்து ஐந்து வாரம் ஆகிறது. கடைசியாக நீ சொன்னது இது: "அந்த வண்டிக்கு மட்டும் அவ்ளோ நியாயம் பேசனியே, நைனா." நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஷெட்டில் நின்றிருந்தேன். எதிரே தார்ப்பாய் போட்ட வண்டி. திரும்பக் கூப்பிட விரல் போனது. கூப்பிட்டிருந்தால் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருப்பேன். விளக்கம் சொல்வதில் நான் கெட்டிக்காரன், உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் அடிக்கலாம், கிழிக்கலாம். இதற்கு முன் ஆறு பக்கம் கிழித்தாகிவிட்டது.

இன்னும் இரண்டு மாதத்தில் உனக்கும் ஷீலாவுக்கும் கல்யாணம். அங்கே இங்கிலாந்தில் பதிவு ஆபீஸில் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள், நீ அத்தை மகன் தாமுவைச் சித்தூர் முனிசிபல் ஆபீசுக்கு அனுப்பினாய். அங்கிருந்த அம்மாள் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "ஈ பேரு மீத டெத் உந்தி கதய்யா" என்றாராம், இந்தப் பேரில் ஒரு மரணம் இருக்கிறதே என்று. ஒரு புத்தகத்தில் உன் பெயரில் பிறப்பு. இன்னொரு புத்தகத்தில் அதே பெயரில், அதே தாய் தகப்பனுக்கு, ஒரு வருஷம் இரண்டு மாதம் கழித்து ஒரு மரணம். தாமு சிரித்துக்கொண்டே உனக்குப் போன் செய்திருக்கிறான். "டேய் மச்சான், நீ எப்பவோ செத்துட்டியாம்டா. ஷீலாகிட்ட சொல்லிட்டியா?" நீயும் சிரித்தாயாம். அப்புறம் அத்தைக்குப் போன் செய்தாய். என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருஷமாக யாரும் அவளைக் கேட்கவில்லை, அதனால் அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பிறகு என்னைக் கேட்டாய். "அப்போ நான் யாரு நைனா?" நான் சொன்னேன்: "இன்னா கேள்விடா இது, நீ முரளி." அதுதான் தப்பான பதில் என்று சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது.

முரளி உன் அண்ணன். இந்த வார்த்தையை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். உனக்கு முன்னால் ஒன்று பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அப்படிப் போகவில்லை. நடந்தான். பஸ்ஸைப் பார்த்தால் கையை நீட்டிப் "பீப்பீ" என்பான். என் ஷெட் அப்போது பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற இடம் என்பதால் அவனுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. மூளைக்காய்ச்சல். சித்தூர் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள். ஆஸ்பத்திரியில் நடந்ததால் அது பதிவாகிவிட்டது. வீட்டில் நடந்திருந்தால் எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது, நீயும் கண்டுபிடித்திருக்க மாட்டாய். இந்த ஐந்து வாரத்தில் இப்படியும் யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அவன் போனபோது நீ அம்மா வயிற்றில் ஒரு மாதம்.

நீ பிறந்ததும் அத்தை ஒன்று சொன்னாள். நம் பக்கத்தில் ஒரு பிள்ளை போய் அடுத்தது பிறந்தால் செய்கிற விஷயம். "தம்பி, சொன்னா கேளு. கொயந்தய குப்பமேட்ல ஒரு நிமிசம் வெச்சி எடுக்கணும். தெரு கூட்றவங்க கையில குடுத்துட்டு, ஒரு மொறம் தவுடு குடுத்து நாம வாங்கிக்கினு வந்துடலாம். குப்பன்னு கூப்டு. எமன் வந்து பாத்தா இது குப்பைன்னு வுட்டுட்டுப் பூடுவான்." நான் திருப்பதியில் மெக்கானிக்கல் படித்தவன். ஹாஸ்டல் அறையில் பக்கம் பக்கமாகப் படித்து, எதையும் கேள்வி கேட்க வேண்டும் என்று முடிவு செய்தவன். "நாளைக்கு இவன் இஞ்சினீர் ஆனா வாசல்ல குப்பன்னு போர்டு போடுவியா?" என்றேன். "உசுரோட இருந்தா போதும்டா. இன்னா போர்டு வேணா போட்டுக்கோ" என்றாள் அவள். நான் கேட்கவில்லை. பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் வைக்கிற நாளில் உன் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒரு புதுப் பெயர் எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தேன். குனிந்தேன். வாயில் வந்தது பழைய பெயர். பழக்கத்தில் தவறி வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். தவறி ஒரு தடவை வரலாம். நான் மூன்று தடவையும் அதையே சொன்னேன். உன் அம்மா எழுந்து உள்ளே போனாள். குழந்தைக்குப் பால் கொடுக்க என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். குழந்தை என் கையில்தான் இருந்தது.

சட்டைப் பையில் இருந்த பெயர் என்ன என்று கேட்பாய். ஞாபகமில்லை. நிஜமாகவே ஞாபகமில்லை. இந்த ஐந்து வாரத்தில் என்னென்னவோ பெயர்களைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் அதுவாக இல்லை. அத்தை சொன்னதைக் கேட்டிருந்தால் உனக்கென்று ஒன்று இருந்திருக்கும். அசிங்கமான பெயர்தான். ஆனால் உன்னுடையது.

அம்மா உன்னை அந்தப் பெயரில் ஒரு நாளும் கூப்பிடவில்லை. கவனித்திருக்கிறாயா? சின்னவனே என்பாள். ஏழெட்டு வயதில் ஒரு நாள் நீ கேட்டாய்: "நான் ஒருத்தன்தானம்மா, அப்பறம் இன்னா சின்னவன்?" அவள் தலை நிமிராமல், "தட்டுல கீறத மொதல்ல துன்னு" என்றாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

பெயரோடு நிறுத்தியிருந்தால் அது துக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்தது துக்கம் இல்லை, அவசரம். ஊரில் அப்போது இங்கிலீஷ் மீடியம் வந்துகொண்டிருந்தது. திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தது, ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். உனக்கு நாலு நிரம்பவில்லை. நீ வீட்டில் பிறந்தவன், உன் பிறப்பை நான் பதிவே செய்திருக்கவில்லை. பீரோவில் அவனுடைய சர்டிபிகேட் இருந்தது. அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா. எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு, "பையன் கொஞ்சம் சின்னதா இருக்கானே" என்றார். "எங்க வீட்ல எல்லாரும் அப்பிடித்தான் சார்" என்றேன். ஓட்டப் பந்தயத்தில் நீ எப்போதும் கடைசி. எல்லாப் பையன்களும் உன்னை அடிப்பார்கள். ஒரு நாள் ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை என்று உன்னைத் திட்டினேன். "ஏழு வயசாவுது, வெக்கமா இல்ல?" என்றேன். உனக்கு ஐந்து. திட்டுகிற நிமிஷத்தில் எனக்கே அது மறந்து போயிருந்தது. காகிதத்தை நான் உனக்காகத்தான் எடுத்தேன். கொஞ்ச நாளில் நானே அந்தக் காகிதத்தை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இனி வண்டி. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோடெல்லாம் புதுப்புதுக் கம்பெனிக் கார்கள் ஓட ஆரம்பித்திருந்த காலம். நம் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தது. நீ இஞ்சினீரிங் இரண்டாம் வருஷம். புத்தூர் ஷெட்டுக்குச் சென்னையிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். ஓனர் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அவருடைய அப்பாவிடம் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருந்திருக்கிறது. இரண்டே பேர் உட்காரும் வண்டி, கூரை கிடையாது, மூக்கு மட்டும் ஆறடி நீளம். உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்களாம், அதில் ஒன்று கப்பலில் மெட்ராஸுக்கு வந்தது. பிறகு கொட்டகையில் தீப்பிடித்து எரிந்து போயிற்று. மிச்சம் ஒரு போட்டோ ஆல்பமும், எண் பொறித்த ஒரு பித்தளைத் தகடும், ஆர்.சி. புத்தகமும். அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். நான் ஆல்பத்தை வாங்கிப் புரட்டினேன். அன்று சாயங்காலம் பஸ் பாடி வேலை எதையும் தொடவில்லை.

ஷெட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வண்டியை வரைந்தோம். நீ லீவில் வந்து நூல் பிடித்தாய். அளவுக்கு ஒரே ஆதாரம், வண்டி பக்கத்தில் நின்று ஓனரின் அப்பா எடுத்துக்கொண்ட படம். அவர் ஐந்தடி எட்டு அங்குலம் என்று ஓனர் வீட்டில் சொன்னார்கள். அதை வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போட்டேன். மரத்தில் அச்சு செய்து, ஷெட்டில் தகடு வேலை செய்த முனிரத்தினம் அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டத் தட்ட முன்பக்க மட்கார்டு எழுந்து வந்தது. "சார், இது வண்டியா வாழப்பூவா? எங்க தொட்டாலும் வளைஞ்சிக்கினே போவுது" என்பான். ஒரு மாதம் கழித்து நீ அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய்: "நைனா, ஷூவக் கழிச்சியா?" படத்தில் அவர் தடித்த அடி வைத்த ஷூ போட்டிருந்தார். நான் கழிக்கவில்லை, ஷூவோடு சேர்ந்த உயரத்தையே ஐந்தடி எட்டு என்று எடுத்திருந்தேன். வண்டி முழுக்கச் சின்னதாகிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இத மொத நாளே கேக்கக் கூடாதா தம்பி, என் தோள்பட்ட பூட்சி" என்று உன்னைப் பார்த்துக் கும்பிட்டான். எல்லாவற்றையும் மறுபடி வரைந்தோம். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. உனக்கு என் கண்ணில்லை, வேறு கண் இருக்கிறது என்று தெரிந்த நாள் அது. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

இரண்டு வருஷம் ஆயிற்று. முதல் ஓட்டம் நாகலாபுரம் வரை. விடியற்காலையில் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டீக்கடையில் நிறுத்தினோம். மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார்.

"இது புச்சா, பழசா?"

"புச்சு" என்றேன்.

"பாக்க பழசாட்டம் கீதே."

"பழசு மாதிரி செஞ்சது."

"அப்போ டூப்ளிகேட்டா?"

நீ டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். எனக்குக் கோபம். திரும்பி வரும் வழியெல்லாம், டூப்ளிகேட் வேறு, இது வேறு என்று உனக்குப் பாடம் எடுத்தேன். ஏமாற்றுவதற்காகச் செய்தால் டூப்ளிகேட். இது இன்னது என்று சொல்லிச் செய்தால் அது தனி வண்டி. அப்படித்தான் சொன்னேன். நல்ல வாக்கியம். இப்போதும் அதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

ஓனர் வண்டியைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்து, மூடி, அதன்மேல் கையை வைத்தார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பித்தளைத் தகட்டை எடுத்தார். "இதை வண்டியில அடிச்சிடுங்க" என்றார். அடித்தால் பழைய ஆர்.சி. புத்தகம் செல்லும். ரோட்டில் ஓடலாம். யார் கேட்டாலும் இது அப்பாவின் வண்டிதான். நான் மாட்டேன் என்றேன்.

"எல்லாம் அதேதானே? அதே அளவு, அதே கலர்."

"அந்த வண்டி எரிஞ்சி போச்சி சார். இது வேற. இதுக்கு நம்பர் வேணும்னா புச்சா ஒண்ணு அடிங்க."

"ஷெட்ல செஞ்ச வண்டிக்கு எந்த ஆர்.டி.ஓ. புது நம்பர் குடுப்பான்? அப்புறம் இது எங்க போகும்?"

முனிரத்தினம் குறுக்கே வந்தான். "நாலு ரிவெட்டு சார். அஞ்சி நிமிசம். அடிச்சிக் குடுத்துட்டா எல்லாரும் துன்னப் போலாம்." நான் அவன் கையிலிருந்த டிரில்லை வாங்கி மேசையில் வைத்தேன். செத்துப்போன ஒன்றின் எண்ணை இதன்மேல் அடித்தால் இரண்டுக்கும் துரோகம் என்றேன். இந்த வார்த்தைகளையே சொன்னேன். நீ கையில் துணியோடு ரேடியேட்டர் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஓனர் தகட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். அவர் திருடர் இல்லை. போனது திரும்பி வந்ததாக இருக்கட்டும் என்று நினைத்த ஒரு மனிதர். அன்றைக்கு அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும், மற்ற யாரையும்விட. நான் ஜெயிப்பதில் மும்முரமாக இருந்தேன். அவர் போன பிறகு நீ வந்து, "நைனா, நீ சொன்னது கரெக்ட்" என்றாய். காலேஜில் நண்பர்களிடமெல்லாம் இதைச் சொன்னாய் என்று பிறகு தெரிந்தது.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை நாம் திருப்பதியில் பாஸ்போர்ட் படிவம் நிரப்பினோம். கன்சல்டன்சிக்காரன் மாடியில், மின்விசிறிக்குக் கீழே, காகிதம் பறக்காமல் நீ முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதினாய். பெயர். பிறந்த தேதி. எழுதி முடித்து என்னிடம் நீட்டினாய். "கரெக்டா கீதா பாத்துடு நைனா." பார்த்தேன். பேச வாயைத் திறக்க ஒரு இடைவெளி இருந்தது. இரண்டு நாள் முன்புதான் ஒரு பித்தளைத் தகட்டுக்கு அத்தனை பேசியவன். "கரெக்டா கீது" என்றேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஓனர் வண்டியை எடுக்க வரவே இல்லை. எண் இல்லாததால் அது இங்கேயே நிற்கிறது. நீ அடுத்தவன் எண்ணில் இங்கிலாந்து வரை போனாய். இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தார்ப்பாயை எடுத்து என்ஜினை ஸ்டார்ட் செய்கிறேன். காம்பவுண்டுக்குள் முப்பதடி முன்னால், முப்பதடி பின்னால். பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். முனிரத்தினம் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அம்மா இல்லை. ஷெட்டில் பேசுவதற்கு யாரும் இல்லை என்பதால் சில நாள் என் குரலே எனக்குக் கரகரப்பாக இருக்கிறது. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஐந்து வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன்.

அம்மா கடைசி வாரத்தில் சொன்னாள்: "சின்னவன்கிட்ட சொல்லிடு. எனக்கு அப்பறம் நீ சொல்ல மாட்ட." அவளுக்கு என்னைத் தெரியும். நீ பத்து நாள் லீவில் வந்தாய், காரியம் முடிந்தது, உன்னை ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டு வந்தேன். சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் நானும் அவளும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாமல் இருந்தால் தேய்ந்துவிடும் என்று நான் நினைத்தேன். அவள் நினைத்தது எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. நீ ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. இதை மட்டும் புத்தியாகச் சொல்கிறேன், வேறு புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒளிக்கிற வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகக் கிழவர்களாகிவிடுவார்கள்.

போன வாரம் புத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். உன் உண்மையான பிறந்த தேதியை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், கோவிச்சிக்காதீங்க. வண்டி நல்லா ஓடிக்கினு கீது. எதுக்கு நிறுத்தி பானெட்டத் தொறக்கறீங்க?" சொன்னால் கேஸ் முதலில் என்மேல் வரும். அதற்கு நான் தயார். ஆனால் உன் பாஸ்போர்ட், விசா, வேலை, இந்தக் கல்யாணம் எல்லாம் ஆடிப்போகும் என்றார். பெயரை உன்னைக் கேட்காமல் வைத்தேன். காகிதத்தை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். உண்மையையும் உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது. நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதற்கு நகல் இல்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில். எப்போது என்பதும்.

அந்தத் தாளில் இல்லாத சிலவற்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், காலை பத்தரை மணி. சித்தூரில் மழை. நான் புத்தூரிலிருந்து பஸ்ஸில் நனைந்து வந்து சேர்ந்தேன். உன் பாட்டி வீட்டுக்கே வந்து பிரசவம் பார்த்த நர்ஸ், "மொகபில்லாடு", ஆண் பிள்ளை, என்று சொல்லி உன்னை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். இரண்டாவது கால்விரல் கட்டைவிரலைவிட நீளம். இடது காதுக்குப் பின்னால் மச்சம். உன் அம்மா படுத்தபடியே உன்னை வெகுநேரம் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி, "இவன் வேற மாதிரி கீறான் பாரு" என்றாள். "எல்லாக் கொயந்தயும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நான் டீ வாங்கப் போனேன்.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். பத்திரிகையில் என்ன பெயர் போடப் போகிறாய் என்று அத்தை கேட்டாள், தெரியாது என்றேன். நீயும் ஷீலாவும் யோசியுங்கள். முரளியே இருக்கட்டும் என்று தோன்றினால் இருக்கட்டும், அவனைவிட அதிக நாள் அதை நீதான் வைத்திருக்கிறாய். புதிதாக ஒன்று என்றால் அதுவும் சரி. முடிவு செய்ததும் எனக்கு ஒரு போன் போடு. பேச வேண்டாம். பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. என் வாய்க்கு அது வர நாளாகும். இப்போதே ஆரம்பித்தால் கல்யாணத்துக்குள் பழகிவிடுவேன்.